காசை அள்ளி வீசிய பஃபலோ!

நயாகரா அருவியை அமெரிக்கா பக்கமிருந்து பார்க்கக் கிளம்புற எல்லாரும் பஃபலோ ஏர்போர்ட்டில்தான் இறங்குவாங்க. இறங்கின வேகத்தில் வண்டி பிடிச்சு, அரை மணி நேரத்தில் அருவி முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு, அப்படியே ஊருக்குத் திரும்பிடுவாங்க. பஃபலோவை யாரும் சீண்டுறதே இல்லை. பேரைக் கேட்டதும் 'எருமை ஊரா?'ன்னு சிரிக்க வேணாம் பாஸ். காசு இருந்தா எதை வாங்கலாம், எதை வாங்கவே முடியாதுன்னு பாடம் எடுக்கிற ஊர் இது. ஐஸ் ஹாக்கிதான் பாடப் புத்தகம். வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!

முதல்ல ஏரிக்கரை. 1825-ல் ஈரி கால்வாய் திறந்தப்போ, அதோட மேற்கு முனை இந்த ஊர்தான். அமெரிக்காவின் நடுப்பகுதியில் விளைஞ்ச கோதுமை எல்லாம் கப்பலில் இங்கே வந்து, படகு மாறி நியூயார்க் போகும். நீராவியில் ஓடும் தானிய எலிவேட்டர் 1842-ல் இங்கேதான் கட்டப்பட்டது. நம்ம ஊர் நெல் குதிரைப் பத்து மாடி உயரத்துக்கு கான்கிரீட்டில் கட்டினா எப்படி இருக்கும்? அப்படி வரிசையா நிக்குதுங்க. நிறைய இப்போ காலி. பக்கத்து லாக்கவானாவில் இருந்த பிரமாண்ட இரும்பு ஆலையும் 1980-களின் ஆரம்பத்தில் பெரும்பகுதி மூடிட்டாங்க. 1950-ல் 5,80,132 பேர் இருந்த ஊரில், 2010-ல் எண்ணிப் பார்த்தா 2,61,310 பேர். பாதிக்கும் மேல காலி!

வேலை போச்சு, சனம் போச்சு. குளிர்காலத்தில் ஏரிக்காற்று கொண்டு வந்து கொட்டுற பனி மட்டும் போகலை. இப்படிப்பட்ட ஊரில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைக்கும் ஜனங்களைப் பிடிச்சு வெச்சிருக்கிறது 1970-ல் பிறந்த 'பஃபலோ சேபர்ஸ்' டீம். சேபர்னா வாள். 1975, 1999-னு ரெண்டு தடவை ஸ்டான்லி கப் ஃபைனல் வரைக்கும் போய், ரெண்டு தடவையும் கோட்டை விட்ட வாள்!

மெயின் ஸ்ட்ரீட்டில் தரைமேல ஓடுற ரயிலில் ஏறுங்க. டவுன்டவுனுக்குள் டிக்கெட் கிடையாது. ஏரிப் பக்கம் இறங்கி நடந்தா கீபேங்க் சென்டர், சேபர்ஸின் மைதானம். சுமார் 19,000 பேர் உட்காரலாம். வாசலில் மூணு பேர் வெண்கலச் சிலையா நிக்கிறாங்க. பெரோ, மார்ட்டின், ரோபேர். 1970-களில் 'ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்'னு பேர் வாங்கின மூவர் கூட்டணி. சிலைக்குக் கீழே ஒரு நிமிஷம் உட்காருங்க. கதை இங்கேதான் சூடு பிடிக்குது.

ஜூலை 1: கேம்பஸ் இன்டர்வியூ!

'ஃப்ரீ ஏஜென்ட்'னா யாரு? ஒப்பந்தம் முடிஞ்சு, எந்த டீமுக்கு வேணா போகலாம்னு சுதந்திரமா நிக்கிற ஆட்டக்காரர். வழக்கமா ஜூலை 1-ந்தேதி இந்தச் சந்தை திறக்கும். நம்ம கேம்பஸ் பிளேஸ்மென்ட் மாதிரிதான், ஆனா இங்கே கம்பெனிகள்தான் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஆட்டக்காரர் வாசலில் நிக்கணும். இதில் ஒரு கடிவாளமும் உண்டு. 2005-ல் இருந்து 'சாலரி கேப்'. ஒரு டீம் சம்பளத்துக்கு இவ்வளவுக்கு மேல செலவு பண்ணக் கூடாது. குறைந்தபட்சம் இவ்வளவாவது செலவு பண்ணியே தீரணும்னு ஒரு 'ஃப்ளோர்' கணக்கும் இருக்கு.

2007 ஜூலை 1 பஃபலோவுக்கு மறக்க முடியாத நாள். அந்த சீசனில் லீகிலேயே முதலிடம் பிடிச்ச டீம் இதுதான். அதோட ரெண்டு கேப்டன்கள், டேனியல் பிரியேரும் கிறிஸ் ட்ரூரியும், ஒரே நாளில் மூட்டையைக் கட்டிட்டாங்க. ஒருத்தர் பிலடெல்பியாவுக்கு, இன்னொருத்தர் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு. ஊரே பொட்டிக்கடை வாசலில் நின்னு புலம்பாத குறை. 'நம்ம ஊரில் யாருமே தங்க மாட்டாங்களா?' ஆலையை இழந்த ஊர், மக்களை இழந்த ஊர், இப்போ கேப்டன்களையும் இழந்தாச்சு. வலி எங்கே இருந்து வருதுன்னு புரியுதுல்ல?

வந்தார் வள்ளல்!

2011 பிப்ரவரியில் டெர்ரி பெகுலா டீமை 18.9 கோடி டாலருக்கு வாங்கினார். எரிவாயுக் கிணறு தோண்டிப் பணம் பார்த்தவர். முந்தின வருஷம்தான் தன் கம்பெனியை ஷெல் நிறுவனத்துக்கு 470 கோடி டாலருக்கு வித்திருந்தார். இனிமே இந்த டீம் இருக்கிறதே ஸ்டான்லி கப் ஜெயிக்கத்தான்னு முதல் நாளே அறிவிச்சார். ஊர் கண்ணில் தண்ணி.

அந்தக் கோடையில் பர்ஸ் திறந்தது. கிறிஸ்டியன் எர்ஹாஃப், 10 வருஷம், 4 கோடி டாலர். வில்லே லைனோ, 6 வருஷம், 2.7 கோடி டாலர். 'போகிறவங்களைப் பார்த்தே பழகின ஊருக்கு, வர்றவங்களைப் பார்க்கிற சந்தோஷம்!'

லைனோ முதல் சீசனில் அடிச்சது 8 கோல். 2013-14 சீசனில் 58 மேட்ச் ஆடி அடிச்ச கோல்... ஜீரோ. முட்டை! 2014 கோடையில் ரெண்டு பேரையும் காசு கொடுத்து அனுப்பிட்டாங்க. இதுக்கு 'பை-அவுட்'னு பேரு.

நாம இன்ஜினீயரிங் பசங்க, கணக்கு போடாம விட முடியுமா? எர்ஹாஃபுக்கு மீதி இருந்தது 7 வருஷம், 1.8 கோடி டாலர். விதிப்படி அதில் மூணில் ரெண்டு பங்கு, அதாவது 1.2 கோடி, இரண்டு மடங்கு காலத்தில் கொடுக்கணும். 14 வருஷம். வருஷத்துக்கு 8,57,143 டாலர். கடைசித் தவணை 2028-ல்! மூணே சீசன் ஆடின ஒருத்தருக்கு, முதல் கையெழுத்தில் இருந்து 17 வருஷம் வரைக்கும் செக் போகுது. அப்போதைய ஒப்பந்தம் கொடுத்த ஒரு சலுகையால இந்தப் பணம் கேப் கணக்கில் சேரலை. அது மட்டும்தான் ஆறுதல்.

எர்ஹாஃப் மோசமான ஆட்டக்காரர் இல்லை. அவரைச் சுத்தி டீம் இல்லைங்கிறதுதான் மேட்டர். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு காஸ்ட்லியான மோட்டார் வாங்கிட்டு, சேஸிஸே இன்னும் வெல்டிங் பண்ணாம இருந்தா வண்டி ஓடுமா?

தோற்றால் கைதட்டல்

அப்புறம்தான் நிஜமான மறுகட்டுமானம் ஆரம்பிச்சுது. கடைசி இடத்தில் வந்தா, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் முதல் வாய்ப்புக்கு அதிக சான்ஸ். 2015-ல் காத்திருந்த முத்து கானர் மெக்டேவிட். 2015 மார்ச்சில் ஒரு நாள், இதே மைதானத்தில், அரிசோனா எக்ஸ்ட்ரா டைமில் கோல் போட்டு சேபர்ஸைத் தோற்கடிச்சப்போ, உள்ளூர் ரசிகர்களில் ஒரு கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுச்சு. சொந்த டீம் தோத்ததுக்கு! அந்த ஆட்டக்காரர்கள் மனசு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

குலுக்கலில் பஃபலோவுக்கு 20 சதவிகித வாய்ப்பு, எட்மன்டனுக்கு 11.5. ஜெயிச்சது எட்மன்டன். பஃபலோவுக்கு ரெண்டாவதா ஜாக் ஐக்கேல் கிடைச்சார். நல்ல ஆட்டக்காரர். ஆனா 2021-ல் அவரும் வேகாஸுக்குப் போய், 2023-ல் அங்கே கப் தூக்கினார். 2019-ல் 8 வருஷம், 7.2 கோடி டாலர்னு ஜெஃப் ஸ்கின்னருக்கு எழுதிக் கொடுத்து, 2024-ல் அவரையும் பை-அவுட். 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன் தொடர்ந்து பிளே-ஆஃப் பக்கமே போகலை. லீக் வரலாற்றிலேயே நீளமான வறட்சி. பர்ஸ் மூடியிருந்ததால வந்த வறட்சின்னு யாரும் சொல்ல முடியாது!

பாலத்துக்கு அந்தப் பக்கம்

பஃபலோவில் இருந்து 'பீஸ் பிரிட்ஜ்' தாண்டினா கனடா. ரெண்டு மணி நேரம் காரில் போனா டொரன்டோ. ஸ்கார்பரோ பக்கம் நம்ம தமிழ் சனம் நிறைஞ்ச ஊர், தோசைக்குக் கவலை இல்லை. அங்கே இருக்கிற மேப்பிள் லீஃப்ஸும் 2013-ல் டேவிட் கிளார்க்சனுக்கு 7 வருஷ ஒப்பந்தம் கொடுத்து சூடு பட்டவங்கதான். 2015 கோடையில் அவங்க ரூட்டை மாத்தினாங்க. ஸ்டார் யாரையும் துரத்தலை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு சின்னச் சின்ன ஒப்பந்தம்.

ஒரு வருஷத்துக்கு 15 லட்சம் டாலருக்கு வந்த பி.ஏ.பேரன்டோ 20 கோல் அடிச்சார். ஷான் மத்தையஸ், டேனியல் வின்னிக் ரெண்டு பேரையும் 2016 பிப்ரவரியில் வேற டீமுக்குக் கொடுத்து, பதிலுக்கு டிராஃப்ட் வாய்ப்புகளையும் இளசுகளையும் வாங்கிப் போட்டாங்க. டீம் கடைசி இடம்தான். அதே 20 சதவிகிதக் குலுக்கல், இந்தத் தடவை சீட்டு விழுந்தது. ஆஸ்டன் மேத்யூஸ் வந்தார். அடுத்த சீசனே பிளே-ஆஃப். அதிர்ஷ்டம் இல்லைன்னு சொல்லலை. 2025 வரைக்கும் அவங்களும் கப் தூக்கிடலை. ஆனா சீட்டு விழாமப் போயிருந்தாலும், அவங்க கையில் பத்து வருஷக் கடன் எதுவும் இருந்திருக்காது பாருங்க. தோத்தாலும் அடுத்த வருஷம் புதுசா ஆரம்பிக்கலாம்!

அப்போ எப்படித்தான் செலவு பண்றது?

மறுகட்டுமானத்தில் இருக்கிற டீம் செலவு பண்ணாமலும் இருக்க முடியாது, ஃப்ளோர் இருக்கே. 2014-15-ல் அது 5.1 கோடி டாலர். இதுவரைக்கும் நடந்த ரோட்டில் பொறுக்கின பாயின்ட்ஸ் இதோ:

* தொகையை விட வருஷத்துக்குப் பயப்படணும். 2020-ல் டெய்லர் ஹாலுக்கு பஃபலோ 80 லட்சம் டாலர் கொடுத்தது. அவர் 37 மேட்சில் 2 கோல்தான். ஆனா ஒரே வருஷ ஒப்பந்தம், பாதியிலேயே பாஸ்டனுக்குக் கைமாத்தியாச்சு. காயம் சின்னது.

* ஃப்ரீ ஏஜென்ட் ஆகுறவங்க வயசு பெரும்பாலும் 27-க்கு மேல. உங்க பொடியன்கள் 24 வயசில் முழுசா விளையும்போது, இவர் இறங்குமுகத்தில் இருப்பார். ரெண்டு வரைபடமும் குறுக்கே வெட்டிக்கும்.

* காலியா இருக்கிற கேப் இடமும் ஒரு சொத்து. 2016-ல் ரஷ்யாவுக்குக் கிளம்பின பாவெல் டாட்சூக்கின் ஒப்பந்தச் சுமையை டெட்ராய்ட்டிடம் இருந்து அரிசோனா தலையில் ஏத்திக்கிட்டது. கூலியா, டிராஃப்ட் வரிசையில் 16-வது இடத்துக்கு முன்னேறியது. அதில் வந்தவர் ஜேக்கப் சிக்ரன்.

* பெரியவங்களை எடுங்க, ஆனா அண்ணனா எடுங்க. கைல் ஒக்போசோவுக்கு 2016-ல் கொடுத்த 7 வருஷம், 4.2 கோடி டாலரை கோல் கணக்கில் பார்த்தா நஷ்டம்தான். ஆனா தலையில் அடிபட்டு மீண்டு வந்து, ஊர்லயே தங்கி, 2022-ல் கேப்டன் ஆகி, சின்னப் பசங்களுக்கு வழிகாட்டியா நின்னார். 2024 மார்ச்சில் அவரை ஃபுளோரிடாவுக்கு அனுப்பி வெச்சாங்க. அந்த வருஷமே கப் அவர் கையில்!

கடைசி ஸ்டாப்

மைதானத்தில் இருந்து சில நிமிஷ நடைதான் 'கெனால்சைடு'. டீம் 1996 வரைக்கும் ஆடின பழைய ஆடிட்டோரியம் இங்கேதான் இருந்தது. 2009-ல் இடிச்சாச்சு. இந்த இடத்துக்கும் ஊர்க்காரங்க ஒரு 'ஸ்டார்' ஃப்ரீ ஏஜென்ட்டைத்தான் தேடினாங்க. 'பாஸ் புரோ'ங்கிற பெரிய கடை வந்தா ஏரிக்கரையே மாறிடும்னு, அரசுப் பணத்தில் சலுகைகளை அடுக்கி வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தாங்க. 2010-ல் அந்தக் கம்பெனி 'வரலை'ன்னு கையை விரிச்சிடுச்சு.

அப்புறம் என்ன பண்ணினாங்க தெரியுமா? கலர் கலரா மர நாற்காலிகளை வாங்கிப் புல்வெளியில் போட்டாங்க. சின்னச் சின்ன கச்சேரி நடத்தினாங்க. பழைய கால்வாய் ஓடின தடத்தில் ஆழமில்லாத நீர்த்தடம் வெட்டினாங்க. 2014 குளிர்காலத்தில் இருந்து அது உறைபனித் திடல். வாடகைக்கு ஸ்கேட்ஸ் மாட்டிக்கிட்டு, பொடிசுங்க விழுந்து விழுந்து எழுந்திருக்குதுங்க. கூட்டம் தானா வந்தது. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 2,78,349. எழுபது வருஷத்தில் முதல் முறையா ஏறுமுகம்!

நயாகரா போறப்போ ஒரு சாயங்காலத்தை இந்த ஊருக்கு ஒதுக்குங்க பாஸ். 1964-ல் சிக்கன் விங்ஸ் பிறந்த ஆங்கர் பாரில் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு, அந்த மர நாற்காலியில் உட்காருங்க. நாளைக்கு முதல் சம்பளம் வந்ததும் 60 மாச ஈ.எம்.ஐ.-யில் பைக் புக் பண்ணக் கை துறுதுறுக்கும். அப்போ எர்ஹாஃபுக்கு 2028 வரைக்கும் போற செக்கை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. கை தானா நின்னுடும்!