தாத்தாவின் பொடி டப்பா

கட்டைவிரல் நீளம், இரண்டு விரல் அகலம். மூடியின் நடுவே சிறு பள்ளம். பித்தளை மங்கிப் பழுப்பேறிக் கிடக்கிறது. கடையிலே கொண்டுபோய்க் கொடுத்தால் ஒருவேளைத் தேநீருக்கும் விலைபோகாத பொருள்! ஆயினும், அத்தையாருக்கும் நமக்கும் இடையே இரண்டாண்டுக் காலம் பேச்சை நிறுத்திவைத்த பொருள் அது. விளக்கின்முன் வைக்கத்தக்கதா, வீதியிலே எறியத்தக்கதா என்று நாங்கள் வழக்காடிய பொருள். அதுதான் நம் பாட்டனாரின் பொடி டப்பா.

குஜிலியம்பாறைப் பக்கத்து மண்ணை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளம், கம்பு, பெய்யாவிட்டால் பெருமூச்சு! கிணறும் அதிலே கொஞ்சம் நீரும் உடையவன் புகையிலை நட்டான். அன்றைய மதுரை மாவட்டத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் வட்டாரமெங்கும் புகையிலையே காசுப் பயிர். வேடசந்தூரிலே 1948இல் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே தொடங்கினர். திண்டுக்கல்லிலே வெள்ளையர் காலத்து ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. பூட்டும் புகையிலையும் திண்டுக்கல்லின் இரு அடையாளங்கள். பூட்டு வீட்டைக் காத்தது. புகையிலை வீட்டிலே அடுப்பை எரித்தது. நம் தந்தையாரின் கல்லூரிக் கட்டணம் புகையிலை விற்ற பணந்தான். அதை மறைப்பது நன்றியன்று, நேர்மையும் அன்று.

பாட்டனார் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் இயக்க ஏடு ஒன்று கையில் கிடைத்துவிட்டால், ஊர்ப் படிப்பகத்தின் திண்ணையிலே உட்கார்ந்து, எழுத்தறியாத பத்துப் பேருக்கு உரக்கப் படித்துக் காட்டாமல் எழமாட்டார். அவர் பகுத்தறிவைப் பேசியது மட்டுமன்று, பயன்படுத்தியும் காட்டினார். அதற்கு ஒரு சான்று சொல்வோம்.

புகையிலைச் செடி பூவெடுக்கும்போது நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கத்திலே கிளம்பும் சிம்புகளையும் ஒடித்துவிட வேண்டும். அப்போதுதான் இலை தடிக்கும். மார்கழிப் பனியிலே, விடியுமுன், பெண்கள் இந்த வேலைக்குப் போவார்கள். கையெல்லாம் கறுத்த பிசின் ஒட்டும். சில நாள்களில் பாட்டியார் வேலையிலிருந்து திரும்பியதும் தலைசுற்றி விழுவார், வாந்தி எடுப்பார், முகம் வெளிறிப் போகும். ஊர் என்ன சொல்லிற்று? “கிணற்றடி முனி அடித்துவிட்டது!” என்றது. தாயத்து வந்தது, வேப்பிலை வந்தது, கோழி ஒன்றும் கேட்கப்பட்டது.

பாட்டனார் கோழி கொடுக்கவில்லை. கணக்குப் பார்த்தார். எந்த நாள்களில் இந்த மயக்கம் வருகிறது? இலை நனைந்திருக்கும் நாள்களில். பனி உலர்ந்தபின் போன நாள்களில் வருவதில்லை. முனிக்கு வெயில் பிடிக்காதோ? இல்லை, இலையிலேதான் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினார். மறுநாள் முதல், வெயில் ஏறி இலை உலர்ந்த பிறகே நம் வீட்டார் காட்டிற்குள் இறங்கினர். முனி ஓடிப்போயிற்று!

புகையிலையின் நஞ்சாகிய நிக்கோட்டின், இலைமேல் நிற்கும் பனிநீரிலே கரைந்து, தோலின் வழியே உடம்பில் ஏறுகிறது. அதனால்தான் வாந்தியும் மயக்கமும் என்று இன்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பாட்டனாருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் காரணம் இருக்கிறது என்பதும், அதைத் தேடினால் கிடைக்கும் என்பதும் தெரியும். பகுத்தறிவு என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நாம் கல்லூரியிலும் கற்றதில்லை.

இத்தகையவரின் இடுப்பிலேதான் அந்த டப்பா இருந்தது!

அது வந்த கதையை அவரே சொல்வார். 1960களின் தொடக்கம். திண்டுக்கல்லிலே அண்ணா பேசுகிறார் என்ற செய்தி கேட்டு, நண்பர் ஒருவரோடு ஒரே மிதிவண்டியில், இருபது மைலுக்கு மேல், மாறி மாறி மிதித்துக்கொண்டு போயினராம். கூட்டம் நள்ளிரவைத் தாண்டிற்று. மேடைக்குப் பக்கத்திலே நின்ற பாட்டனார் ஒன்றைக் கண்டார். பேச எழுவதற்குச் சற்று முன்பு, முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, அண்ணா ஒரு சிட்டிகைப் பொடி போட்டார். அவ்வளவுதான். மறுநாள் ஊர் திரும்புமுன் திண்டுக்கல் கடைவீதியிலே பித்தளை டப்பா ஒன்று வாங்கப்பட்டது. “பேச்சை முழுதும் மனத்தில் வைக்க முடியவில்லையடா, பேராண்டி. பொடியை மட்டும் டப்பாவில் வைத்துக்கொண்டு வந்தேன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

நமக்கு அந்த டப்பாவின் ஒலிதான் முதல் நினைவு. “டக்” என்று மூடி திறக்கும்; விரல் இரண்டு உள்ளே போகும்; பிறகு ஓர் உறிஞ்சல்; மேல்துண்டால் ஒரு துடைப்பு. அந்த ஒலி கேட்டால், கதை தொடங்கப்போகிறது என்று நாங்கள் ஓடிப்போய் உட்காருவோம். பெரியார் வைக்கத்திலே சிறைப்பட்ட கதையும், 1965இலே மாணவர் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த கதையும், பொடி நெடியோடுதான் நம் நெஞ்சிலே பதிந்தன.

பிறகு, அந்தத் தும்மல்! புறப்படும்போது யாரேனும் தும்மினால், எடுத்த காலை உள்ளே வைத்து, ஒரு வாய் நீர் குடித்துவிட்டுப் போகும் ஊர் எங்களுடையது. பாட்டனார் இதற்கென்றே காத்திருப்பார். பெண் பார்க்கப் போவோர், வழக்கு மன்றம் போவோர், சந்தைக்கு மாடு ஓட்டுவோர் எவராயினும், வாசற்படி தாண்டும் வேளையிலே திண்ணையிலிருந்து ஒரு தும்மல் வெடிக்கும்! சினந்து திரும்பிப் பார்ப்பவரிடம், “தும்மல் மூக்கின் வேலையப்பா, விதியின் வேலையன்று, போய் வா” என்பார். நாம் ஐந்தாம் வகுப்பிலே ஒரு பேச்சுப் போட்டிக்குப் போன காலையிலும் தும்மினார். பரிசோடு திரும்பினோம். “பார்த்தாயா?” என்றார். பிறகுதான் அறிந்தோம்: பொடிக்குப் பழகிய மூக்கு எளிதில் தும்மாது. நமக்காக, சிட்டிகைக்கு மேல் சிட்டிகை போட்டு, வலிந்து வரவழைத்த தும்மல் அது. அந்த அன்பை என்னவென்பது!

ஆனால், அன்பர்களே, கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

பொடியோடு நிற்கவில்லை அவர். வெற்றிலையோடு புகையிலையும் கன்னத்தில் அடங்கியது. அண்ணாவுக்கு உணவுக்குழாயிலே புற்றுநோய் என்றும், 1968 செப்டம்பரில் நியூயார்க்கிலே அறுவை நடந்தது என்றும் செய்தி வந்தபோது, ஊர்க் கழகத் தோழர்கள் கலங்கினர். 1969 பிப்ரவரி 3ஆம் நாள், ஐம்பத்தொன்பதே வயதில் அண்ணா மறைந்தார். பாட்டனார் மூன்று நாள் உண்ணவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் பொடி போட்டார்; புகையிலை மென்றார். பாட்டியார் இதைச் சொல்லும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். தலைவரை விழுங்கிய நோயை எண்ணி அழுத வாயிலே, அந்நோயை வளர்க்கும் இலை!

மனைவியின் கையில் ஏறிய நஞ்சைக் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தவர், தம் கன்னத்தில் ஊறிய நஞ்சைக் கணக்குப் பார்க்கவில்லை. வெற்றிலையோடு மெல்லும் புகையிலை புற்றுநோய் தரும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இலேயே முடிவு கூறிற்று. திண்டுக்கல் தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான். மாவட்டம் பிறந்த செய்தியை ஏடு பார்த்து ஊருக்கே படித்துக் காட்டிய பாட்டனார் கண்ணில், அந்த மற்றொரு செய்தி படவேயில்லை.

2011இல், கன்னத்திலே ஆறாத புண். மதுரை மருத்துவமனையிலே அதற்குப் பெயர் சொன்னார்கள். எட்டுத் திங்கள் கிடந்தார். பேச்சாலே ஊரைக் கட்டியவர் கடைசி இரண்டு திங்கள் பேசவில்லை. எழுதிக் காட்டுவார். நம்மிடம் ஒருநாள் பலகையில் எழுதிக் காட்டியது: “நானும் யோசித்திருக்க வேண்டும்.” நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த மூன்று சொல்லின் பொருள் விளங்கப் பத்தாண்டு ஆயிற்று.

அவர் மறைந்தபின் சடங்கு எதுவும் நடக்கவில்லை. அவர் விருப்பம் அது. ஆனால், முதலாண்டு நினைவு நாளிலே அத்தையார் அவருடைய படத்தின்முன் விளக்கேற்றி, இலை போட்டு, அந்த டப்பாவிலே புதுப் பொடி நிரப்பிப் படைத்தார். ஆண்டுதோறும் தொடர்ந்தது. படையலை எள்ளி நகையாடியவருக்குப் படையல்! அதுவும், அவர் குடும்பத்தையே கலங்கடித்த அதே புகையிலையால்! கல்லூரி முடித்து வந்த இறுமாப்பிலே, ஓர் ஆண்டு நாம் வெகுண்டெழுந்தோம். “தாத்தா கொள்கையைக் கொல்கிறீர்கள்” என்றோம். டப்பாவை எடுத்து வாசலில் எறிந்தோம்.

அத்தையார் கத்தவில்லை. வெளியே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். “நீ கொள்கை பேசு கண்ணு. பேசத்தான் வேண்டும். ஆனால் எட்டு மாதம் அவர் வாயைத் துடைத்தவள் நான். நீ அந்த அறைக்குள் எத்தனை நாள் வந்தாய்?” என்றார்.

விடையில்லை. நாற்றத்துக்கு அஞ்சி நாம் அறைவாயிலிலேயே நின்றது உண்மை. மூடியிலே இன்றும் இருக்கும் பள்ளம், நாம் எறிந்தபோது விழுந்தது. பகுத்தறிவு பேசிய வாய்க்குப் பரிவு இல்லாமற்போன தழும்பு அது.

இரண்டாண்டு பேச்சில்லை. பிறகு நாம் ஆசிரியர் பணியில் சேர்ந்தோம். அங்கே ஒருநாள், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் சொல்ல எழுந்து, வாயைத் திறக்க மறுத்தான். உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே சிறு பை ஒன்று, புகையிலைப் பை! கல்விக்கூடத்திலிருந்து நூறு கெசத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. பை பையனின் உதட்டில் இருந்தது. அடிக்கக் கை ஓங்கவில்லை. “யாரைப் பார்த்துப் பழகினாய்?” என்று கேட்டோம். “எங்கள் அண்ணன் போடுவார், ஐயா. எனக்கு அண்ணனை ரொம்பப் பிடிக்கும்” என்றான்.

திடுக்கிட்டோம். மிதிவண்டியிலே இருபது மைல் போன இளைஞரின் குரல் அல்லவா அது! பிடித்தவர் செய்வதைப் பிடித்துக்கொள்வது; அவர் சிந்தனையை விட்டுச் சிட்டிகையை எடுத்துக்கொள்வது!

அன்று மாலை அத்தையார் வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு படத்தின்முன் இருந்த டப்பாவை எடுத்து, உள்ளிருந்த பொடியைத் தாமே அடுப்பிலே கொட்டினார். “கொண்டுபோய் அந்தப் பிள்ளைகளிடம் காட்டு. அவர் இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்” என்றார்.

மறுநாள் டப்பா வகுப்புக்கு வந்தது. புகையிலை நம் முன்னோர் தந்த பழம்பொருள் அன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. சங்கப் புலவர் எவரும் அதைக் கண்டதில்லை என்று சொன்னோம். பின்னாளிலே சீனிச்சர்க்கரைப் புலவர், நம் மாவட்டத்துப் பழனி முருகனிடமே புகையிலையைத் தூது விட்டுப் பாடினார் என்றதும் பிள்ளைகள் சிரித்தனர். இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்சு 1604இலே புகையிலையைக் கண்டித்து நூலெழுதினான். ஜஹாங்கீர் 1617இலே தடை விதித்தான். அரசர் ஆணைக்கு அடங்காத இலையின் முகத்திரையை, 1950இலே இலண்டனில் நோயாளிகளை ஒவ்வொருவராக விசாரித்துக் கணக்கெடுத்த டால், பிராட்போர்டு ஹில் என்ற இரு அறிஞர்கள் கிழித்தனர். புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவினர். பாட்டனார் புகையிலைக் காட்டிலே செய்ததும் அதே முறைதான் என்று சொன்னபோது, நம் குரல் சற்றுத் தடுமாறியது. அவர் எழுதிக் காட்டிய அந்த மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதினோம்.

அந்த மாணவன் அன்றே விட்டுவிட்டான் என்று சொல்லமாட்டோம். மூன்று முறை விட்டான். இரண்டு முறை மீண்டும் தொட்டான். நிக்கோட்டின் அப்படிப்பட்ட பகை. ஒவ்வொரு முறையும் நம்மிடம் வந்து சொன்னான். மறைக்காமல் சொன்னான் என்பதே நமக்கு நம்பிக்கை.

டப்பா இப்போது நம் மேசைமேல் இருக்கிறது. பூ இல்லை, விளக்கு இல்லை. உள்ளே இரண்டு சுண்ணக்கட்டித் துண்டுகள். ஆண்டுத் தேர்வன்று காலை, பிள்ளைகள் வரிசையாகத் தேர்வறைக்குப் புறப்பட்டனர். நாம் டப்பாவைத் திறந்தோம், “டக்” என்றது. சுண்ணப்பொடி பறந்தது, முன்னே நின்ற சிறுமி தும்மிவிட்டாள். வரிசை அப்படியே நின்றது. எல்லாக் கண்களும் நம் முகத்திலே.

“தும்மல் மூக்கின் வேலையம்மா, விதியின் வேலையன்று, போய் வாருங்கள்” என்றோம்.