சிவப்பு மை

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள், மாணவர்தம் கட்டுரைகளில் நேரும் மொழிப்பிழைகள். பயன்பாட்டு மொழியியலில் இது பழகிய தடம். பிழையென்பது, கற்போர் மொழியைத் தம்முள் எவ்வாறு அமைத்துக்கொள்கின்றனர் என்பதற்குச் சான்று எனப் பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை அதற்கு வழிவகுத்தது. லகர ளகர மயக்கத்தையும் ஒற்றுப்பிழையையும் எண்ணி முடிக்கப் பொறுமை ஒன்றே போதுமாயிருந்தது.

சொற்பிழை இயலில்தான் தடுமாறினோம். "உம்மா ஆணம் காய்ச்சினார்" என ஒரு மாணவர் எழுதியிருந்தார். 'ஆணம்' சுழிக்கப்பட்டு, 'குழம்பு என எழுதுக' என்னும் குறிப்பு அருகே இருந்தது. அச்சிவப்பு மை எம்முடையதே. எம் இல்லத்திலோ அன்றும் மீன் ஆணந்தான்!

"வீட்டில் வழங்கும் சொல் ஏட்டில் எங்ஙனம் பிழையாயிற்று?" என நெறியாளர் வினவினார். விடை கூற இயலவில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டினோம்; ஆணம் அங்கே இருந்தது. பசியாறுதல், ராத்தா முதலியவற்றையும் பிழைப்பட்டியலினின்று நீக்கி, சமூக வழக்கென வேறோர் இயலில் வைத்தோம். எண்ணிக்கைகள் மாறின, அட்டவணைகளை மீண்டும் தட்டச்சு செய்வித்தோம், ஆய்வேட்டை ஒப்படைப்பது நான்கு திங்கள் தள்ளிப்போயிற்று.

அதற்குள் அம்மாணவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அன்று குறைத்த அரை மதிப்பெண் இன்னும் எம்மிடமே இருக்கிறது.