கப்பல் ஊதல்: கட்டைபறிச்சான் குறிப்புகள்

வாடைக்காற்று வீசும் நாட்களில் திருமலைத் துறைமுகச் சத்தம் கொட்டியாரக் குடாவைத் தாண்டி இங்கே வரும். கச்சான் கிளம்பினால் வராது.

விடியற்காலையில் ஒரு நீள ஊதல். மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலாக இருக்கும். காற்றால் ஊதுகிற ஹோன். தொடக்கமும் முடிவும் வெட்டினாற்போல.

நீராவி ஊதல் அப்படியில்லை. குழாயில் ஆறிக் கிடந்த தண்ணீரை முதலில் துப்பும். கொறகொறக்கும். பிறகுதான் குரல் ஏறி நிற்கும்.

பெரியப்பா சொன்னது: "வெள்ளை ஆவியைக் கண்ட உடனே எண்ணத் தொடங்கு மகன்." சத்தம் வர மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர்.

சகாயிங். 1925இல் கட்டிய ஹென்டர்சன் கம்பெனி நீராவிக் கப்பல். ரங்கூனுக்கு ஆட்களை ஏற்றி ஓடியது. பெயரும் பர்மிய ஊர் ஒன்றின் பெயர்தான்.

1942 ஏப்ரல் 9, திருமலைத் துறைமுகம். ஜப்பான்காரரின் குண்டு. நின்ற இடத்திலேயே எரிந்தது.

அடுத்த வருடம் ஓகஸ்டில் அதை மூழ்கடித்து இறங்குதுறையாகப் பாவித்தார்கள். 2018 மார்ச்சில் கடற்படைச் சுழியோடிகள் தூக்கினார்கள். மாதக்கணக்கான வேலை. 452 அடிக் கப்பல். பிறகு வெளியே கொண்டுபோய் ஆழ்கடலில் மறுபடி மூழ்கடித்தார்கள்.

ஒரு கப்பலை உடைப்பதென்றாலும் மூழ்கடிப்பதென்றாலும் ஊதலை முதலில் கழற்ற வேண்டும். மணியைக் கழற்ற எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

நோர்மண்டி, இன்னொரு கப்பல். 1942 பெப்ரவரி 9. நியூயோர்க்கில், துறையில் கட்டியபடியே எரிந்தது. அதன் ஊதல் பென்சில்வேனியாவில் ஓர் இரும்பாலைக்குப் போனது. பிறகு புரூக்ளினில் பிராட் கல்லூரிக்கு.

அங்கே தலைமைப் பொறியியலாளர் கொன்ராட் மில்ஸ்டர். 1900ஆம் ஆண்டு நீராவி எஞ்சின்களை ஓட விட்டு வைத்திருந்த மனிதர். 1965 முதல் 2014 வரை, புது வருட நள்ளிரவில் பழைய ஊதல்களை வரிசையாகப் பூட்டி ஊதினார். நோர்மண்டியின் ஊதலும் அந்த வரிசையில்.

கோயில் சங்கைத் தினமும் ஊதுகிறார்கள். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

டைட்டானிக்கின் ஊதல்கள் 1912 முதல் 1993 வரை கடலடியில். 1999 பெப்ரவரி 19, அமெரிக்காவின் சென்ட் போல் நகரம், ஊதிப் பார்த்தார்கள். நீராவி விடவில்லை. அழுத்திய காற்று.

நீராவிக்குள் ஒலி வேகமாக ஓடும். காற்றில் அவ்வளவு இல்லை. அதனால் அதே ஊதல், அதே உலோகம், காற்றில் குரல் தாழ்ந்துவிடும். அன்று கூட்டம் கேட்டது 1912இன் குரல் அல்ல.

ஆனாலும் ஊதினார்களே. அது நல்லது.

கடலில் ஒரு குறுகிய ஊதல்: வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு: இடப்பக்கம். மூன்று: எஞ்சின் பின்னுக்கு. ஐந்து: நீ என்ன செய்கிறாய் என்று விளங்கவில்லை.

2006இல், போர் நாட்களில், இந்தக் குடாவைத் தாண்டி வந்தது ஷெல் சத்தம்.

குவீன் மேரி. மூன்று ஊதல்கள். சுருதி 55 ஹேர்ட்ஸ். காதுக்கு முன் நெஞ்சுக்கூட்டில் தெரியும் அளவுக்குத் தாழ்ந்த குரல். மேல்தட்டில் நிற்கும் பயணிகளின் காது நோகக்கூடாது என்றே அவ்வளவு தாழ்த்தி வைத்தார்கள். 10 மைலுக்குக் கேட்கும்.

1941இல் சாம்பல் பூச்சோடு, ஆஸ்திரேலியப் படையை ஏற்றிக்கொண்டு சூயஸ் போகும் வழியில், திருமலையில் நின்றது அந்தக் கப்பல்.

1967 முதல் கலிபோர்னியாவில், லோங் பீச்சில் கட்டிக் கிடக்கிறது. அதன் ஊதல்களில் ஒன்று மட்டும் இன்னும் கடலில் ஓடுகிறது, குவீன் மேரி 2இன் புகைபோக்கியில். காற்றால்தான் ஊதுகிறார்கள்.

காற்று, காற்று. எல்லா இடத்திலும் காற்று.

ஊதலை வைத்திருப்பது சுலபம், உலோகம்தானே. நீராவியில் ஊதக் கொதிகலன் வேண்டும். அதற்கு நெருப்புப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

மூதூர்ப் பக்கம் நெல் ஆலைகளில் புழுங்கல் அவிக்க ஆவி இருக்கிறது. எவ்வளவு அழுத்தம் ஏறும் என்று ஒரு மில்காரரைக் கேட்க வேண்டும். பித்தளையில் சின்னதாக ஓர் ஊதல் கடைந்து தர ஆள் கிடைப்பாரா என்றும்.