கண்ணூரில் ஒரு பாடம்

சென்னையில் ராத்திரி மங்களூர் மெயிலில் ஏறிப் படுத்தேன். பொழுது விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பும் காயலுமாக மலையாளக் கரை வந்துவிட்டது. கண்ணூர் ஸ்டேஷனில் என் தங்கையும், எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் பெண்ணும் காத்திருந்தார்கள்.

"பெரியம்மா, நாளைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நீங்களும் வரணும். கோட்டையை அப்புறம் பார்க்கலாம்" என்று அந்தப் பெண் உத்தரவு போட்டுவிட்டாள்.

போனேன். ஓட்டுக் கட்டடம், வாசலில் பலாமரம். உள்ளே போனால், கரும்பலகைக்குப் பக்கத்தில் வெண்திரை, மேலே புரொஜெக்டர், மேஜைமேல் லாப்டாப். கேரளத்தில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளுக்கு இப்படிச் செய்திருக்கிறார்களாம். 2018-இல் ஆரம்பித்த வேலை, 2020-க்குள் முடிந்துவிட்டது. இருதயத்தின் படத்தை வரைந்து, பாகம் குறித்துப் படித்தவள் நான். இவர்களோ அதன் வால்வுகள் திறந்து மூடுவதைத் திரையில் பார்க்கிறார்கள். புரியாவிட்டால் நிறுத்தி, மறுபடியும் பார்க்கிறார்கள்!

"படம் ஓடும்போது வகுப்பு அமைதியாகிவிடும். புரிந்த அமைதியா, மயங்கிய அமைதியா என்பது நான் கேள்வி கேட்டால்தான் தெரியும்" என்று சிரித்தார் ஆசிரியை.

சாயங்காலம் கோட்டைக்குப் போனோம். 1505-இல் போர்த்துக்கீசியர் கட்டிய செந்நிறக் கோட்டை. டச்சுக்காரர், அரக்கல் ராஜவம்சத்தார், ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பீரங்கி அருகே நின்று மாப்பிளா விரிகுடாவின் படகுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, என் செல்போனில் 'டிங்' என்றது. 'தட்டம்மை ஊசி போட்ட குழந்தைகளின் கதி' என்று படத்தோடு ஒரு செய்தி. "ஐயோ, இது போன வாரமே வந்ததே! நான்கூட எல்லோருக்கும் அனுப்பினேன்" என்றேன்.

தங்கை பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "யார் சொன்னது, பெரியம்மா? எப்போது சொன்னது? வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. போனை வாங்கி அந்தப் படத்தைத் தேடினாள். இரண்டே நிமிஷம். பல வருஷங்களுக்கு முன், ஏதோ விபத்தில் எடுத்த படம் அது!

இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது என்றாள் தங்கை. 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வந்தபோது, வாட்ஸாப் வதந்தியை நம்பி இங்கே பல பெற்றோர்கள் மறுத்துவிட்டார்கள். மறு வருஷமே, அப்போது கலெக்டராக இருந்த மீர் முகம்மது அலி, சுமார் 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்று ஒரு வகுப்பை ஆரம்பித்தார். வந்த செய்தியைச் சந்தேகிப்பதும், சரிபார்ப்பதும், அதுவரை அனுப்பாமல் இருப்பதுமே பாடம்.

எனக்குத் திக்கென்றது. நான் அனுப்பிய 'எல்லோரிலும்' என் மருமகளும் உண்டு. பேத்திக்கு ஒன்பது மாதம் முடிந்து, தட்டம்மை ஊசி போடவேண்டிய சமயம். உடனே போன் செய்தேன்.

"நீங்கள் அனுப்பியதைப் பார்த்துத்தான் அத்தை, வேண்டாம் என்று இருந்துவிட்டேன்" என்றாள்.

"நாளைக்கே போய்ப் போட்டுவிடு அம்மா!"

பிறகு அந்தப் பீரங்கி மேடையிலேயே உட்கார்ந்து, 'நான் அனுப்பியது பொய். மன்னிக்கவும்' என்று எல்லோருக்கும் எழுதினேன். விரல் ரொம்பத் தயங்கியது. போன வாரம் அது தயங்கவே இல்லை.