பொய் முறுக்கு

நுவரெலியாவில இருக்கிற பெரியம்மாவுக்கு ஸ்வெட்டர் பின்னுறேன்.
கண்டியில இருந்துகிட்டு மடியில கம்பளி. வேர்க்குது மக்களே.

அதனால உண்மையான கேபிள் (கயிறு மாதிரி முறுக்குப் பின்னல்) இல்ல, பொய்க் கேபிள்.

உண்மையானதுக்கு கண்ணிகளை இன்னொரு சின்ன ஊசியில எடுத்து, முன்னுக்கோ பின்னுக்கோ பிடிச்சு, இடம் மாத்திப் பின்னணும். நூலும் கூட, துணியும் தடிப்பு.

பொய்யில?
மூணு கண்ணியில முதலாவதை பின்னாம நழுவ விட்டு, மத்த ரெண்டையும் பின்னி, விட்டதை அதுக்கு மேலால தூக்கிப் போடணும். குறைஞ்ச கண்ணிக்கு அடுத்த வரிசையில நூலை ஊசியில ஒருக்கா சுத்தினா சரி.
அசல் கயிறு முறுக்கு!
சின்ன ஓட்டை விழும். காத்து வரட்டுமே.

கேபிள் ஸ்வெட்டருக்குப் பேர்போன அயர்லாந்தின் அரன் தீவுகள்ல, கடல்ல செத்தவங்களை ஸ்வெட்டர் பின்னலை வச்சு அடையாளம் காணுவாங்களாம். கட்டுக்கதை.
அதுக்கு வேர் 1904ல மேடையேறின ஜே. எம். சிங் நாடகமாம். அதுல ஒருத்தி சகோதரனை அடையாளம் காணுறது மேஸ்ல தவறவிட்ட கண்ணிகளை வச்சு.

அந்தக் கணக்கில நான் பின்னினதை எவரும் மாறி எடுத்துட்டுப் போக ஏலாது 😄

500 மீற்றர் உயரத்துல இருக்கிற கண்டிக்கு பொய்க் கேபிள் தாராளம்.
1,800 மீற்றருக்கு மேல, ஜனவரிக் குளிருக்கு தாங்குமா? நுவரெலியாக்காரங்க சொல்லுங்க.