விட்ட பந்து

மாதுங்காவில் குடியேறிய நாள்முதல் ஞாயிறு காலைகளில் டென்னிஸ் ஆடிவரும் நண்பர் நால்வர் நாங்கள். 1960, 1961 ஆண்டுகளில் இராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதியை எட்டிய பெருமையைத் தந்தையர் சொல்லக் கேட்டு மட்டையைத் தொட்டவர்கள்.

எங்களில் மூத்தவருக்கு முழங்காற் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசலாயிற்று. மின்ரயிலுக்கு ஓடித் தேய்ந்த கால் என வேடிக்கை பேசினோம். படியிறங்க அவர் கைப்பிடியைத் தேடிய அன்று வேடிக்கை நின்றது. பிரதமராயிருந்த வாஜ்பாய் இதே மும்பையில், பிரீச் கேண்டி மருத்துவமனையில், 2000இல் ஒரு முழங்காலுக்கும் 2001இல் மற்றதற்கும் மாற்று மூட்டுப் பொருத்திக்கொண்டதை எடுத்துக்கூறி அவரை இசைவித்தோம்.

உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டைப் பொருத்துவது மருத்துவர் பணி. அதை மடக்கப் பழகுவது நோயாளியின் பாடு. மறுநாளே நடக்கவைத்தனர். மாடிப்படி ஏறி இறங்க ஏறத்தாழ 90 பாகையேனும் முழங்கால் மடங்கவேண்டும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ இன்னும் மிகுதி. ஒவ்வொரு பாகைக்கும் அவர் பல்லைக் கடித்தார். நாங்கள் முறைவைத்துத் துணையிருந்தோம்.

ஆறு திங்கள் கழித்துக் களத்திற்கு வந்தார். ஒற்றையர் ஆட்டம் வேண்டா, இரட்டையர் ஆடலாம் என்பது மருத்துவர் கட்டளை. எட்டத்தில் ஒரு பந்து விழுந்தது. ஓரடி வைத்தவர் நின்று, "உங்களுடையது" என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் விட்டுக்கொடுத்த முதற் பந்து அதுவே. கூட்டாளி அதை வலையில் அடித்துவிட்டார். முதலில் சிரித்தவர் மூத்தவரே.

ஊரைவிட்டு வந்து, எதையும் விடாது ஓடிய தலைமுறை நாங்கள். விட்டும் ஆடலாம் என்பதை அன்றுதான் கற்றோம்.