ரோம் நகரத்து டிரிப்யூனும் நம் ஊராட்சித் தலைவரும்

அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனாலோ என்னவோ, எந்த நாட்டு வரலாற்றைப் படித்தாலும் அங்கே செருப்பு யார் காலில் இருந்தது, அதைத் தைத்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்று தேடுவது என் பழக்கம். பழைய ரோமிலும் தேடினேன். அங்கே செனட்டர்களுக்கென்று தனி வகைத் தோல் செருப்பு உண்டு. பதவியைக் காலிலேயே காட்டலாம். தோல் பதனிடுகிறவர்களோ டைபர் ஆற்றுக்கு அக்கரையில். பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ரோமில் மிக உயர்ந்த பதவி கான்சல். ஆண்டுக்கு இரண்டு பேர். ஆரம்ப காலத்தில் அது பெட்ரீசியன் என்ற மேட்டுக்குடிக் குடும்பங்களின் சொத்துபோல இருந்தது. மற்றவர்கள் பிளெபியன்கள். அவர்கள் தீண்டத்தகாதவர்கள் அல்லர். அவர்களிலும் பணக்காரர்கள் இருந்தார்கள், அடிமை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அதனால் அவர்களையும் நம்மையும் அப்படியே ஒன்றாக்க நான் விரும்பவில்லை. ஆனால் பதவிக்காக அவர்கள் போராடிய முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

கி.மு. 494. போருக்குப் போனது பிளெபியன்கள், கடனுக்காகக் கட்டிப்போடப்பட்டதும் அவர்களே. ஒருநாள் கூட்டமாக நகரத்தை விட்டு வெளியேறி ஒரு குன்றின்மேல் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ரோம் அசைவற்று நின்றது. சமாதானம் பேசியபோது அவர்கள் பெற்ற பதவிதான் டிரிப்யூன். எளிய மனிதனை அதிகாரி இழுத்துப்போனால் டிரிப்யூன் குறுக்கே நின்று தடுக்கலாம். அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும்.

அவருக்குப் படை கிடையாது. பிறகு எது அவரைக் காத்தது? மக்கள் எடுத்த சத்தியம். எங்கள் டிரிப்யூன்மேல் கை வைப்பவனை விடமாட்டோம் என்று பிளெபியன்கள் கூட்டாகச் சத்தியம் செய்தார்கள். அந்தப் பலத்தில்தான் கி.மு. 445இல் பெட்ரீசியனும் பிளெபியனும் மணம் செய்யக்கூடாது என்ற தடையை உடைத்தார்கள். கி.மு. 367இல் கான்சல் பதவியும் அவர்களுக்குத் திறந்தது.

நமக்கு வருவோம். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவியில் நமக்கு இட ஒதுக்கீடு கிடைத்தது. 1996இல் தேர்தல். மேலவளவு ஊராட்சியில் தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து, அவரோடு சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை தலித் ஒருவர் தலைவராக உட்கார முடியவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே பார்த்தது.

தெற்கே நடப்பது என்று நாம் தள்ளிவிட முடியாது. நம் ஆம்பூருக்குப் பக்கத்து மலையில் இருக்கும் நாயக்கனேரி ஊராட்சி, 2021 தேர்தலில் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு பெண் மனு போட்டார், போட்டியின்றி வென்றார். ஆனால் வழக்கு வந்தது, பதவியேற்பு நின்றது. மலையில் பழங்குடி மக்களே அதிகம், ஒதுக்கீடு எங்களுக்கு வேண்டும் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். அந்த வாதத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஒதுக்கீட்டை முடிவு செய்தது அரசு, பதில் சொல்ல வேண்டியதும் அரசு. ஆனால் வாசலில் நின்றது சட்டப்படி வென்ற அந்தப் பெண்தான்.

நாற்காலி கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் நமக்கு வந்தால், துணைத் தலைவர் பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர். எனக்குத் தெரிந்த தலைவர் அக்கா ஒருவர், காலனியில் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனபோது செக்கை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார். "என்னப்பா பண்றது, அவர் கையெழுத்து போடல. ஆனா குடத்தைத் தூக்கிக்கினு ஜனம் என் வீட்டுக்குத்தானே வருது" என்றார்.

ரோமிலும் இந்தத் தந்திரம் உண்டு. டிரிப்யூன்கள் பத்துப் பேர், யார் ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். கி.மு. 133இல் டைபீரியஸ் கிராக்கஸ் என்ற டிரிப்யூன், பொது நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். நிலம் வைத்திருந்தவர்களுக்காக அதை மறுத்தவர் இன்னொரு டிரிப்யூன், ஆக்டேவியஸ். கிராக்கஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்கிச் சட்டத்தை நிறைவேற்றினார். அதே ஆண்டில் செனட்டர்களும் அவர்கள் ஆட்களும், உடைந்த பெஞ்சுக் கால்களை எடுத்து அவரை அடித்தே கொன்றார்கள். பஞ்சமி நிலம் கேட்டு அடிபட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. சத்தியம் செய்த மக்கள் பக்கத்தில் இல்லாத நாளில் பதவியின் புனிதம் ஒரு பெஞ்சுக் காலுக்குக்கூடத் தாங்காது.

நம் தலைவர்களுக்கு இருக்கை கொடுத்தது சட்டம். அவர்களைக் காக்கும் சத்தியத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். நான் சொல்வது அடிதடி அல்ல. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை நடக்கிறது. அந்த நான்கு நாளும் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் சம்பளத்தோடு லீவு. அன்றைக்குக் காலனியிலிருந்து வீட்டுக்கு ஒருவர் போய் உட்காருவோம். எந்தச் செக்கில் யார் கையெழுத்து போடவில்லை, ஏன் போடவில்லை என்று எழுந்து கேட்போம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். தலைவருக்கு நாற்காலி போடவில்லை என்றால் சபையே நிற்கட்டும்.

அடுத்த ஊராட்சித் தேர்தலுக்கு யாரை நிறுத்தலாம் என்று இப்போதே பேசத் தொடங்கிவிட்டோம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: ஜெயித்த மறுநாள் அவர் பக்கத்தில் யார் யார் நிற்கப் போகிறோம்? அந்தப் பெயர்களையும் எழுதி வைப்போம்.

ஜெய் பீம்.